கூவியர் நின்ற தெரு: ஊர்காணலும் தெருவுணவும்

சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தில் ‘ஊர்காண் காதை’ என்றொரு பகுதி உண்டு. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு, கோவலன் மதுரை மூதூரைச் சுற்றிப் பார்த்து மீள்வதே அக்காதையின் செய்தி. இன்று நாம் ‘சுற்றுலா’ என்றும், பேச்சுவழக்கில் ‘சைட் சீயிங்’ என்றும் சொல்வதற்கு இளங்கோவடிகள் இட்டுச் சென்ற பெயர் ‘ஊர்காணல்’ என்று கொள்ளலாம். கோவலன் அங்காடி வீதியைக் காண்கிறான். மணி விற்கும் வீதியையும், பொன் விற்கும் வீதியையும், ஆடை குவிந்த அறுவை வீதியையும், மிளகுப் பொதியும் தானியமும் குவிந்த கூல வீதியையும் காண்கிறான். கண்டு மகிழ்ந்து திரும்புகிறான். ஆனால் அவன் அன்று மதுரைத் தெருவில் எதையேனும் வாங்கி உண்டானா என்பதை அடிகளார் கூறவில்லை. அவன் உண்ணுவதை நாம் பார்ப்பது பின்னர்க் கொலைக்களக் காதையில், மாதரி மனையில், கண்ணகி தன் கையால் ஆக்கிப் படைக்கும்போதுதான். அவனுக்கு அதுவே இறுதி உணவு.

காப்பியத்திற்கு அந்த அமைதி பொருத்தமானது. பயணக் கட்டுரைக்கு அது பொருந்துமா என்பதே நம் வினா.

நம் துறை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பயண இலக்கியம் என்னும் பாடத்தின்கீழ் ஒரு கட்டுரை எழுதப் பணிப்பது வழக்கம். அக்கட்டுரைகளைத் திருத்தும்போது ஒன்றைக் கண்டோம். ஏற்காடு சென்றவர் ஏரியையும் சேர்வராயன் கோயிலையும் எழுதுகிறார். நாமக்கல் சென்றவர் ஒரே குன்றின் குடைவரைகளாகிய நரசிம்மர், அரங்கநாதர் கோயில்களையும், குன்றின் உச்சியில் கோட்டைக்குள் அமைந்த பெருமாள் கோயிலையும் பள்ளிவாசலையும் எழுதுகிறார். சிலர் காணாத பாரிசையே கண்டதுபோல் எழுதி, ஈபெல் கோபுரம் 1889இல் எழுந்தது என்று முடித்துவிடுகின்றனர். ஆண்டு சரி, உயரம் சரி. ஆனால் அவ்வூரில் பசித்தபோது என்ன செய்தார்கள், யார் கையால் என்ன வாங்கி உண்டார்கள், என்ன விலை கொடுத்தார்கள் என்பதை எவரும் எழுதுவதில்லை. வயிறு இல்லாத பயணிகளாகவே நம் மாணவர்கள் ஊர்களைச் சுற்றி வருகின்றனர்.

ஆற்றுப்படை காட்டிய வழி

இது தமிழ் மரபு அன்று. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள் என்பது மாணவர் அறிந்ததே. அவற்றுள் திருமுருகாற்றுப்படை தெய்வத்தினிடம் ஆற்றுப்படுத்துவது. அதனை ஈண்டு விலக்கிவிடலாம். ஏனைய நான்கும் வள்ளலைக் கண்டு பரிசில் பெற்று வந்தவன், வறுமையோடு எதிர்ப்பட்டவனுக்கு வழி சொல்லும் பாடல்கள். வழி என்றால் கல்லும் முள்ளும் மலையும் மட்டுமல்ல. எந்த ஊரில் எவர் வீட்டில் என்ன கிடைக்கும் என்பதும் வழியின் பகுதியாகவே கருதப்பட்டது.

சிறுபாணாற்றுப்படையைச் சான்றாகக் கொள்வோம். நல்லூர் நத்தத்தனார், ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பாணனை அனுப்புகிறார். கடற்கரை ஊராகிய எயிற்பட்டினத்தில் நுளையர் தரும் தேறலும் சுட்ட மீனும். வேலூரில் எயினக் குடியினர் தரும் புளிபெய்த சோறும் ஆமான் இறைச்சியும். மருதத்து ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டுக் கலவையும். இப்படி நிலம் மாற மாற உணவு மாறுகிறது. உணவைக் கொண்டே நிலத்தை அறியலாம். பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் இன்னும் ஒருபடி மேலே சென்று எயினர், ஆயர், உழவர், அந்தணர், வலைஞர் எனக் குடிக்குக் குடி வேறுபடும் உணவைக் காட்டிச் செல்கிறார். ஒருவர் உண்பதை மற்றவர் உண்ணார் என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் அவர் எதையும் இழித்துக் கூறவில்லை. இருந்ததை இருந்தபடி சொல்கிறார். கற்பிக்குந்தோறும் இவ்விடத்தில் நாம் சற்று நின்றுவிடுவதுண்டு. பிறருடைய கலத்தைப் பார்த்து முகம் சுளிக்காமல் எழுதுவது எளிய செயலன்று.

ஆற்றுப்படை காட்டுவது பெரும்பாலும் விருந்தோம்பல், விலையில்லாச் சோறு. விலைக்கு விற்கும் தெருவுணவைத் தேடுவோர் மதுரைக்காஞ்சிக்குச் செல்லவேண்டும். மாங்குடி மருதனார் மதுரையின் ஒரு முழு நாளைப் பாடுகிறார். பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி. தின்பண்டங்களைச் சுமந்து திரிந்து விற்போர் பகல் தெருவில் நடமாடுகின்றனர். இரவு முதல் யாமம் கழிகிறது, கடைகள் அடைபடுகின்றன. தேனடை போன்ற மெல்லிய அடையையும், உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு, விற்றது போக மீதியோடு, இருந்த இடத்திலேயே தலை சாய்ந்து உறங்குகின்றனர் சிலர். அவர்களுக்குப் புலவர் தரும் பெயர் ‘கூவியர்’.

கூவி விற்றதால் கூவியர் எனப் பெயர் பெற்றனர் என்று தேர்வுத்தாளில் எழுதும் மாணவர் உளர். கேட்க இனிமையாகவே இருக்கிறது. ஆனால் உரையாசிரியர் அவ்வாறு கூறவில்லை. அப்பம் சுட்டு விற்கும் வாணிகர் என்றே பொருள் தந்தனர். சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையிலும் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் பிட்டு விற்கும் காழியரோடு கூவியரும் சேர்த்தே எண்ணப்படுகின்றனர். கோட்டையையும் மன்னனையும் பாடிய அதே புலவர், தூங்கி விழும் அப்பக்காரரையும் பாட்டுக்குள் ஏற்றியது நமக்குப் பாடமாகும். பேரரசன் ஒருவனுக்கு நிலையாமையைக் கூறவந்த பாட்டு அது என்பதையும் மறக்கலாகாது.

பதூதா கண்ட இரண்டு நகரங்கள்

பயண இலக்கியம் என்றால் இசுலாமியப் பண்பாட்டில் முதலில் நினைவுக்கு வருபவர் மொராக்கோ நாட்டுத் தாஞ்சியரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா. அவர் நம் மதுரைக்கு வந்தவர் என்பதைப் பலர் அறிவர். ஐரோப்பியப் பெருநகரான கான்ஸ்டாண்டினோபிளுக்கும், அதாவது இன்றைய இஸ்தான்புலுக்கும், அவர் சென்றார் என்பதை அத்தனை பேர் நினைப்பதில்லை. 1330களில், பேரரசன் மகளான ஓர் இளவரசி தாய்வீடு செல்லும் பயணத்தில் உடன்சென்று அந்நகரத்தில் ஒரு மாதத்திற்குச் சற்று மேலாகத் தங்கினார். பேரரசன் அவருக்கு உடையும் குதிரையும் தந்தான். ஊரைச் சுற்றிக் காட்ட ஓர் ஆளையும் உடன் அனுப்பினான். இன்றைய சொல்லில் ‘கைடு’.

அவர் எழுதியவற்றுள் மூன்று செய்திகள் குறிப்பிடத்தக்கன. அயா சோஃபியா என்னும் பெருந்தேவாலயத்தை அவர் வெளியிலிருந்தே கண்டார். உள்ளே செல்வோர் சிலுவைக்குப் பணியவேண்டும் என்ற விதி இருந்ததால் உட்செல்லவில்லை. அதனை மறைக்காமலும், பகை காட்டாமலும் எழுதிவைத்தார். அடுத்து, கடைவீதிகள் கல் பாவிய அகன்ற வீதிகள் என்றும், அங்குத் தொழில் செய்வோரும் விற்போரும் பெரும்பாலும் பெண்கள் என்றும் குறித்தார். மூன்றாவதாக, எதிர்க்கரையிலுள்ள கலாத்தாப் பகுதியின் அங்காடிகள் நல்லவை. ஆனால் அழுக்கும் சாக்கடையும் நிறைந்தவை என்றார். தேவாலயத்தையும் சாக்கடையையும் ஒரே ஏட்டில் எழுதிய நேர்மை அவருடையது.

அவரே 1340களில் மஅபர் எனப்பட்ட நம் தமிழகக் கரைக்கு வந்தார். மதுரையில் அப்போது கொள்ளைநோய். நோயுற்றோர் இரண்டு மூன்று நாளில் மாண்டதை அவர் நேரில் கண்டு எழுதினார். நம் உணவைப் பற்றியும் அவரிடம் ஒரு குறை உண்டு. மாலத்தீவு, இலங்கை, மலபார், மஅபர் ஆகிய இடங்களில் மூன்றாண்டுகள் அரிசியையன்றி வேறொன்றும் கிடைக்காமல், இறுதியில் தண்ணீரின் துணையோடுதான் சோற்றை விழுங்க முடிந்தது என்கிறார்! ரொட்டிக்கு ஏங்கிய அந்த மொராக்கோக்காரரை நாம் சிரித்தபடியே கற்பித்து வந்தோம். 2023இல் அச்சிரிப்பு நமக்கே திரும்பி வந்தது.

நான்கு நாள், மூன்று வேளை

அவ்வாண்டு உம்ராக் கடமையை முடித்துத் திரும்பும் வழியில் நம் குழு நான்கு நாள் இஸ்தான்புலில் தங்கியது. சேலம், நாமக்கல், இராசிபுரம் பக்கத்தவர் இருபத்திரண்டு பேர். பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். பயண ஏற்பாட்டாளர் மூன்று வேளையும் இந்திய உணவு என்று முன்பே உறுதி தந்திருந்தார். தந்தபடியே நடந்தது. அதுதான் குறை. காலையில் இட்லி என்ற பெயரில் ஒன்று. நண்பகலில் ஊரின் எந்த மூலையில் இருந்தாலும் பேருந்தைத் திருப்பிக்கொண்டு அதே விடுதிக்கு வந்து சோறு. ஊரைக் காணவேண்டிய நேரத்தில் பாதி, சோற்றைத் தேடிப் பேருந்திலேயே கழிந்தது.

முசுலிம்கள் வாழும் ஊர். உணவில் ஐயம் கொள்ள இடம் குறைவு. ஆயினும் நம் பெரியவர்கள் தெருவில் எதையும் தொடவில்லை. “வேண்டாம் மாமு, வயித்துக்கு ஒத்துக்காது” என்று ஒருவரை ஒருவர் தடுத்துக்கொண்டனர். அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. நாமும் முதல் இரண்டு நாள் அவ்வாறே இருந்தோம். கைப்பையில் மிளகாய்ப்பொடி வைத்திருந்ததையும் ஒப்புக்கொள்கிறோம்.

மூன்றாம் நாள் வைகறைத் தொழுகைக்குப்பின் எமினோனுப் படகுத்துறைப் பக்கம் தனியே நடந்தோம். சிவப்பு வண்டியொன்றில் கண்ணாடிக்குப் பின்னால் வளையம் வளையமாக அடுக்கிய ரொட்டி. அதன் பெயர் சிமித். கோதுமை மாவைத் திரித்து வளையமாக்கி, திராட்சைச் சாற்றைக் காய்ச்சிய பாகு கலந்த நீரில் தோய்த்து, மேலே எள்ளை அப்பி அடுப்பில் சுடுகின்றனர். இறைச்சி இல்லை, முட்டை இல்லை, எவரும் உண்ணலாம். பல நூற்றாண்டுகளாக அவ்வூரில் விற்கப்படும் பண்டம் அது. 17ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி தம் பெரும்பயண நூலில் சிமித் செய்வோரையும் விற்போரையும் கணக்கிட்டு எழுதினார். மருதனார் கூவியருக்குச் செய்ததையே செலபி சிமித்காரருக்குச் செய்தார் எனலாம். கடித்தவுடன் முதலில் வருவது எள்ளின் மணம். நம் செக்குமேட்டு மணம்! மூவாயிரம் கல் தொலைவு வந்து எள்ளை முகர்ந்து ஊரை நினைத்தோம்.

அங்கிருந்து கூப்பிடு தொலைவில் ‘மிசிர் சார்ஷி’ எனப்படும் 17ஆம் நூற்றாண்டு நறுமணப்பொருள் அங்காடி. மிளகும் ஏலமும் மஞ்சளும் குவியல் குவியலாக இருந்தன. கோவலன் கண்ட கூல வீதி வேறெப்படி இருந்திருக்கும்? கலாத்தாப் பாலத்தின்மேல் தூண்டிற்காரர் வரிசை. கீழே கானாங்கெளுத்தி வகை மீனைச் சுட்டு ரொட்டிக்குள் வைத்து விற்கின்றனர். அம்மீன் பெரும்பாலும் எதிரேயுள்ள நீரில் பிடித்ததன்று. நார்வே நாட்டிலிருந்து உறைபதனத்தில் வருவது. நம் ஊர்க் கடைவீதியில் ‘நாட்டு’ என்று சொல்லி விற்கும் சிலவற்றை நினைத்துக்கொண்டோம்.

அயா சோஃபியாவின் வரலாற்றை மாணவர் ஆண்டுகளோடு அறிதல் நன்று: 537இல் தேவாலயம், 1453இல் பள்ளிவாசல், 1930களில் அருங்காட்சியகம், 2020இல் மீண்டும் பள்ளிவாசல். பதூதா வெளியில் நின்ற இடத்தில் நாம் உள்ளே நின்று தொழுதோம். அவர் தயங்கி நின்றதையும் அப்போது எண்ணாமல் இருக்க முடியவில்லை. அக்கட்டடத்தைப் பற்றி எழுதியோர் ஆயிரவர். இதற்குமேல் நாம் எழுத ஒன்றுமில்லை.

எழுதவேண்டியது போஸாவைப் பற்றி. வெஃபா என்னும் பகுதியில் 1876 முதல் நடந்துவரும் பழைய கடையொன்று உண்டு. போஸா என்பது சிறுதானியத்தையோ கோதுமை நொய்யையோ வேகவைத்து அரைத்து, சர்க்கரை சேர்த்து, இலேசாகப் புளிக்கவிட்ட கெட்டியான பானம். மேலே இலவங்கப்பட்டைத் தூளையும் வறுத்த கொண்டைக்கடலையையும் தூவி உண்பர். அத்தாதுர்க் 1937இல் அங்கு அருந்திய கோப்பையைக் கண்ணாடிப் பேழைக்குள் காத்து வருகின்றனர். குளிர்கால இரவுகளில் அதனைத் தோளில் சுமந்து, நீளக் குரலெடுத்துக் கூவி விற்போர் முன்பு மிகுதி, இப்போது அரிது. நோபல் பரிசு பெற்ற ஓர்ஹான் பாமுக் 2014இல் வெளியிட்ட நாவலின் தலைவன் அத்தகைய ஒரு போஸா வணிகனே. புளிப்பு மிகுந்தால் மயக்கம் தருமோ என்ற மார்க்க ஐயமும் அங்கு நெடுங்காலம் பேசப்பட்டது. இனிப்பான போஸா ஆகும், புளித்தது ஆகாது என்பது போன்ற வேறுபாடுகளைச் செய்தனர். ஐயமுடையோர் தவிர்ப்பதே முறை. நாம் ஒரு கரண்டி சுவைத்துப் பார்த்து நிறுத்திக்கொண்டோம். அந்த ஒரு கரண்டியில் நமக்குத் தோன்றியது, கோடையில் நம் சாலையோரத்தில் மண்பானையோடு நிற்கும் கம்பங்கூழ் வண்டி. அங்கே பட்டைத்தூள், இங்கே மோர்மிளகாயும் சின்ன வெங்காயமும். கூழ் ஊற்றுபவரைப் பற்றி நாவல் எழுதலாம் என்று நமக்கு ஏன் தோன்றவில்லை?

ஏனைய ஐரோப்பிய நகரங்களைப் பற்றி ஒரு சொல். சேலம், நாமக்கல் மாணவர் பலர் இப்போது உயர்கல்விக்கு ஜெர்மனி செல்கின்றனர். பெர்லின் தெருக்களில் 1970களில் துருக்கித் தொழிலாளர் பரப்பிய டோனர் கபாப் எங்கும் கிடைக்கும். அதே தெருவில் விற்கும் கறிப்பொடி தூவிய வூர்ஸ்ட் பெரும்பாலும் பன்றி இறைச்சி. ‘ஷ்வைன்’ என்னும் ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீரும். சைவ மாணவரும் அவ்வாறே ‘ஃப்ளைஷ்’ என்றால் இறைச்சி என அறிதல் வேண்டும். தத்தம் நெறியைக் காப்பதற்கு ஊரைப் பார்க்காமல் அறைக்குள் இருக்கவேண்டியதில்லை; கேட்டு அறிந்து உண்டால் போதும்.

இலண்டனுக்கு நம்மவர் உணவு சென்ற கதை இன்னும் பழையது. பாட்னாவில் பிறந்த தீன் முகம்மது 1794இல் ஆங்கிலத்தில் தம் பயணநூலை வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் அது. அவரே 1810இல் இலண்டன் ஜார்ஜ் தெருவில் ‘இந்துஸ்தானி காபி ஹவுஸ்’ என்ற உணவகத்தைத் தொடங்கினார். இரண்டாண்டில் கடன்பட்டு நொடித்தார். பயணம் எழுதியவரும் உணவு விற்றவரும் ஒருவராகவே இருந்த அரிய சான்று இது. அவர் தோற்றது உணவில் அன்று. காலத்திற்கு முன்பே கடை விரித்ததில்.

நம் ஊர் காணல்

இனி நம் ஊருக்கு வருவோம். 1792இல் திப்பு சுல்தான் உடன்படிக்கையின்படி விட்டுக்கொடுத்த நிலப்பரப்பில் அமைந்த பழைய மாவட்டம் சேலம். 1997 சனவரி முதல் நாள் நாமக்கல் அதிலிருந்து தனி மாவட்டமாயிற்று. திருமணிமுத்தாற்றங்கரையில் கோட்டைப் பகுதியில் நின்றால், சிறு நடையளவில் கோட்டை மாரியம்மன் கோயில், அழகிரிநாதர் கோயில், ஜாமியா பள்ளிவாசல் மூன்றையும் காணலாம். ஐரோப்பியக் கையேடுகள் ‘பழைய நகரம்’ என்று தலைப்பிட்டு விளக்கும் பகுதி நமக்கும் உண்டு. ஆற்றின் நிலையைப் பற்றிப் பதூதா கலாத்தாவுக்கு எழுதியதையே இங்கும் எழுதியிருப்பார்.

இவ்வூரின் தனித்த தெருவுணவு தட்டுவடை செட். பிற மாவட்டத்தார் தட்டை என்பதை நம்மவர் தட்டுவடை என்பர். அரிசிமாவில் தட்டி எண்ணெயில் பொரித்த, ஒரு வாய்க்கு அடங்கும் சிறு வட்டம். ஒன்றின்மேல் புதினா கொத்தமல்லிப் பச்சைச் சட்னியும் மிளகாய்ச் சிவப்புச் சட்னியும் தடவி, துருவிய காரட், பீட்ரூட், நறுக்கிய வெங்காயம் வைத்து, மேலே மற்றொன்றால் மூடித் தருவர். உடனே உண்ணவேண்டும், இரு நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் நமத்துவிடும். முறுக்கை வைத்துச் செய்தால் முறுக்கு செட். எல்லாவற்றையும் உடைத்துக் கலந்தால் நொறுக்கல்; அதில் முட்டையைச் சேர்ப்பதும் உண்டு, நாமக்கல் அருகிருக்கையில் முட்டைக்கு என்ன பஞ்சம்? நெசவாளர் மிகுந்த அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டைப் பக்கங்களில் மாலையானால் இவ்வண்டிகளைச் சுற்றிக் கூட்டம் காணலாம். தறியை விட்டு இறங்கியவர், தொழுகை முடித்துத் தொப்பியைச் சட்டைப் பையில் வைத்தவர், கோயிலிலிருந்து நீறு பூசி வருபவர் எல்லாரும் தட்டை நீட்டி நிற்கின்றனர். இறைச்சி இல்லாத பண்டமாதலால் எவருக்கும் தடையில்லை. சிமித்துக்கு இஸ்தான்புலில் உள்ள இடம் இதற்குச் சேலத்தில் உண்டு.

இதை எழுதும் நாம் ஒரு பிழையை ஒப்புக்கொள்ளவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற மலரொன்றில் ‘நம் மாவட்டத்துக் காணத்தக்க இடங்கள்’ என்று கட்டுரை வரைந்தோம். கோயில், பள்ளிவாசல், கோட்டை, இரும்பாலை, ஏரி, மேட்டூர் அணை என எல்லாம் இருந்தன. சேலம் மாம்பழம் என்ற ஒரு சொல் தவிர உணவு என்று எதுவுமில்லை. கல்லூரியிலிருந்து திரும்பும் வழியில் கிழமைக்கு மூன்று நாள் நின்று உண்ணும் வண்டியைப் பற்றி எழுத அப்போது கை எழவில்லை. எழுத்துக்கு அது தகுதியற்றது என்று எண்ணினோம் போலும்.

கடந்த ஆண்டு கட்டுரைக் குறிப்பேடுகளைத் திருத்தும்போது இரண்டாமாண்டு மாணவர் ஒருவரின் ஏடு வந்தது. தலைப்பு, ‘கோட்டை வீதிகளில் ஒரு நாள்’. நடை நன்று. கோயிலின் கோபுரமும் பள்ளிவாசலின் மினாராவும் முறையாக வந்திருந்தன; பிழை மிகக் குறைவு. ஆனால் இரண்டிற்கும் இடைப்பட்ட தெருமுனை மட்டும் கட்டுரையில் இல்லை. அத்தெருமுனையில் நிற்கும் தட்டுவடை வண்டி அம்மாணவருடைய தந்தையினுடையது. நமக்கு அது தெரியும். நாம் உண்ணும் வண்டி அதுதான். நமக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. நாம் வரும் நேரத்தில் அவர் அப்பக்கம் வராமல் ஒதுங்கி நிற்பதை ஓரிரு முறை கவனித்திருக்கிறோம்.

அவ்வேளையில் மற்றொன்றும் நிகழ்ந்தது. சாலைப் பணியை முன்னிட்டு அத்தெருவின் வண்டிகள் அகற்றப்பட்டன. ஒரு திங்கள் வரை அவ்வண்டியைக் காணவில்லை. மாணவர் வகுப்பிற்கு வருவதும் குறைந்தது. வந்த நாள்களிலும் பின்வரிசை. தெரு வணிகர் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் 2014இல் வந்தது. அதன்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை வணிகரைக் கணக்கெடுத்துச் சான்று தரவேண்டும். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வணிகர்களே இடம்பெறவேண்டும். கணக்கெடுப்பு முடியும்வரை எவரையும் அகற்றலாகாது. சட்டத்தைத் தமிழில் படித்துச் சொல்ல ஆள் இருந்தால் அவர்கள் மனு எழுதிக்கொள்வர். தமிழ்த்துறை எதற்கு இருக்கிறது? துறை ஆசிரியர் இருவரும் முதுகலை மாணவர் நால்வரும் ஒரு மாலை உட்கார்ந்து அம்மனுவை எழுதிக் கொடுத்தோம். எத்தனை ஆண்டாக அவ்விடத்தில் விற்கிறார்கள் என்பதற்குச் சான்று வேண்டும் என்றனர். அவர்களிடம் எழுத்துச் சான்று எதுவுமில்லை. ஊரைப் பற்றி எழுதப்பட்ட எந்தக் கட்டுரையிலாவது, எந்த மலரிலாவது அவ்வண்டிகள் இருந்தனவாகக் குறிப்பு உண்டா என்று ஒருவர் கேட்டார். நம் பழைய கட்டுரையை எடுத்துப் பார்த்தோம். மேலே கூறியபடி, அதில் இரும்பாலை இருந்தது.

வண்டி இப்போது முன்பு நின்ற இடத்திலிருந்து ஐம்பது அடி தள்சி நிற்கிறது. மாணவரின் ஏட்டில் மதிப்பெண் இடாமல், கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் இடையே கோடிட்டு, “இங்கே என்ன உண்டீர்?” என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தோம். பத்து நாள் கழித்து ஏடு திரும்ப வந்தது. பதினொரு பக்கம் கூடியிருந்தது. விடியற்காலையில் மாவு பிசைவதும், பச்சைச் சட்னி கறுக்காமல் இருக்க எலுமிச்சை பிழிவதும், மழை நாளில் நமத்த தட்டுவடையை என்ன செய்வார்கள் என்பதும், அகற்றப்பட்ட அந்த ஒரு திங்கள் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதும் அதில் இருந்தன. கடைசிப் பக்கத்தின் அடியில் பென்சிலால், “ஐயா, அத்தா உங்களுக்குக் காரம் குறைத்துத்தான் வைப்பார்” என்று எழுதியிருந்தது. அக்கட்டுரை, மாணவர் ஒப்புதலோடு, பெயர் குறியாமல், இம்மலரின் மாணவர் பகுதியில் அச்சாகியுள்ளது.